தண்டவாளத்தில் கால் வைக்காமல் எடுத்த படத்துக்கே பரிசு கொடுங்கள்

கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்தினருக்கும் இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தினருக்கும்,

வணக்கம்.

நான் திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஊடகக் கழகமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன். ரயில் பாதுகாப்பைப் பற்றி எங்கள் மாகாணத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வீடியோப் போட்டி வையுங்கள். அதை எப்படி வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குப் பின்னால் நான் இதுவரை வெளியில் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் வெளி அமைப்பொன்று மாணவர்களுக்கு வீதிப் பாதுகாப்புக் குறும்படப் போட்டி நடத்தியது. மூன்று நிமிடத்துக்குள் படம், போனில் எடுத்தாலும் போதும் என்றார்கள். எங்கள் கழகத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்து கதை எழுதினார்கள். ரியூசன் முடிந்து காதில் இயர்போனுடன் தண்டவாளத்தில் நடந்து வீட்டுக்குப் போகிறான் ஒரு பொடியன். பின்னால் ரயில், எங்கள் பேச்சில் கோச்சி. அடுத்த காட்சியில் படலையில் அம்மா காத்துக்கொண்டு நிற்கிறா. கதை நன்றாகத்தான் இருந்தது. வாசித்துவிட்டு நானே பாராட்டினேன்.

ஒரு சனிக்கிழமை படம் எடுக்கப் போனோம். தம்பலகாமப் பக்கம், வயலோரமாக லைன் போகிற இடம். காலை வண்டி போய்விட்டது, இனிப் பின்னேரம்தான் அடுத்தது என்று பிள்ளைகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கமரா நல்லதாக இருந்தது கழகத்துப் பிள்ளை ஒருவருடைய போன். பொடியன் நடிக்க, அந்தப் போனை நான் வாங்கிப் பிடித்தேன். சிலீப்பர் கட்டையில் ஒரு முழங்காலை ஊன்றிக் குந்தியிருந்தேன். தண்டவாளம் இரண்டும் தூரத்தில் போய் ஒன்றாகச் சேருவது போல் படத்தில் விழ வேண்டும் என்று ஆசை. சல்லிக்கல் உடுப்பைத் தாண்டிச் சுட்டது இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டு தடவை எடுத்தோம். மூன்றாவது தடவை அவன் என்னை நோக்கி நடந்து வருகிறபோது, அவனுடைய தோளுக்கு மேலே திரையில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. வெயில் தண்டவாளத்தில் பட்டு மினுங்குகிறது என்று நினைத்தேன். படத்துக்கு வடிவாக இருக்கும் என்றும் நினைத்தேன். புள்ளி அசையவில்லை. பெரிதாகிற மாதிரியும் தெரியவில்லை. கரையில் மாடு மேய்த்துக்கொண்டு நின்ற ஐயா ஒருவர் "டேய் தம்பி, கோச்சி வருதடா!" என்று கத்தினார். அப்போதும் திரையில் அது புள்ளிதான். பொடியனுக்கு ஐயாவின் குரல் கேட்கவில்லை. நடிப்புக்கென்று மாட்டிய இயர்போனில் உண்மையாகவே பாட்டுப் போட்டிருந்தான். வசனக் கொப்பியோடு ஒதுங்கி நின்ற பிள்ளை ஒருத்தி கொப்பியை எறிந்துவிட்டு ஓடிப்போய் அவனுடைய சேட்டைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் சல்லிக்கல்லில் உருண்டு கீழே புல்லுக்குள் விழுந்தார்கள். நான் எப்படி எழும்பினேன், எந்தப் பக்கம் பாய்ந்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. வந்தது ஒரு சரக்கு வண்டி. எஞ்சின் சாரதி தலையில் கை வைத்தபடி எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவருடைய முகத்தை நான் மறக்கவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் ஒரு தப்பித்த கதையாகப் போயிருக்கும். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. முதல் இரண்டு தடவை எடுத்ததை வைத்துப் படத்தை முடித்து அனுப்பினோம். முதலாம் பரிசு கிடைத்தது. தண்டவாளக் காட்சி மிக இயல்பாக இருக்கிறது என்று நடுவர்கள் பாராட்டினார்கள். படம் எடுத்தவர் எங்கே நின்று எடுத்தார் என்று ஒருவராவது கேட்கவில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டுக் கழக அறையில் மாட்டினோம். அடுத்த வருடம் தரம் 9 பிள்ளைகள் நான்கு பேர் வந்து, "ரீச்சர், நாங்களும் அந்த லைனிலேயே எடுக்கட்டா?" என்று கேட்டார்கள். பயம் என்னை உண்மையில் பிடித்தது அன்றைக்குத்தான்.

ஆகவே நீங்கள் போட்டி வைத்தால், விண்ணப்பத்தின் முதல் வரியாக இது இருக்கட்டும்: தண்டவாளத்திலோ, தண்டவாளத்துக்கு அருகிலோ ஆள் நிற்கிற, நடக்கிற, இருக்கிற காட்சி ஒரு செக்கன் இருந்தாலும் அந்தப் படம் போட்டிக்கு எடுக்கப்படாது. படம் எடுத்தவர் நின்ற இடத்தையும் காட்ட வேண்டும். எங்கே நின்று எடுத்தோம் என்று ஒரு தாளில் கீறி, பொறுப்பாசிரியர் கையெழுத்து வைத்து அனுப்பட்டும். தண்டவாளத்தில் நடப்பது இந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். குற்றம் செய்து எடுத்த படத்துக்கு அரசாங்கத்தின் இரண்டு திணைக்களங்கள் கையொப்பம் வைத்துச் சான்றிதழ் கொடுக்கிற நிலை வரக் கூடாது.

எங்கள் லைனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. 1927இல் திறந்த பாதை. கல்லோயாச் சந்தியில் பிரிந்து கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா என்று வந்து நகரத்தில் முடிகிறது. 70 கிலோமீற்றர் அளவில் ஓர் ஒற்றைப் பாதை. கொழும்புக் கரையோரப் பாதையைப் போல நிமிடத்துக்கு நிமிடம் வண்டி ஓடாது. ஒரு நாளில் போகிற வருகிற வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் ஊர் ஆபத்து அந்தக் குறைவில்தான் இருக்கிறது. வெள்ளவத்தையில் இருக்கிற பிள்ளைக்குத் தண்டவாளம் என்றாலே கோச்சிதான் நினைவுக்கு வரும். எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல ஒற்றையடிப் பாதை. மழைக்காலத்தில் சேறு இல்லாத பாதை. வயல் வரம்பை விட அகலமானது, பாம்புப் பயம் குறைவானது. அதில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார்கள், விறகு கட்டிக்கொண்டு வருவார்கள், பின்னேரத்தில் இருந்து கதைப்பார்கள். "இப்ப கோச்சி இல்லை" என்கிற வார்த்தையை நான் வகுப்பில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! அன்றைக்கு அதே வார்த்தையை மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் நானும் குந்தியிருந்தேன். பயணிகள் வண்டிக்கு நேர அட்டவணை உண்டு, அதுவும் பிந்தும். கோதுமை மா ஏற்றிய சரக்கு வண்டிக்கும், தனியாக வருகிற எஞ்சினுக்கும், லைன் திருத்துகிறவர்களின் ட்ரொலிக்கும் ஊரார் பார்க்கிற நேர அட்டவணை என்று ஒன்று கிடையாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. யுத்த காலத்தில் கோச்சி ஒழுங்காக ஓடாத வருடங்கள் எங்களுக்கு எத்தனையோ. வடக்கில் 1990இல் நின்ற வண்டி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பப் போனது 2014 ஒக்ரோபரில். இடையில் ஒரு தலைமுறையே கோச்சி பார்க்காமல் வளர்ந்துவிட்டது. மற்ற ஊர்களில் தாத்தாவும் பாட்டியும் கையைப் பிடித்து "நில், பார், கேள்" என்று பழக்கிய பழக்கம் எங்கள் வீடுகளில் அறுந்துபோயிற்று. வீட்டில் கைமாற வேண்டியது கைமாறாத இடத்தில்தான் பாடசாலை அதை எடுத்துச் செய்ய வேண்டும். இந்தப் போட்டியைக் கல்வித் திணைக்களத்திடம் கேட்பதற்கு என் காரணம் இதுதான்.

இனி, பிள்ளைகள் எதைப் படமாக எடுப்பார்கள்? தண்டவாளத்துக்குப் போகக் கூடாது என்றால் ரயில் பாதுகாப்புப் படத்தை எங்கே எடுப்பது என்று கேட்பீர்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் வகுப்பில் செய்து பார்த்த சில விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மைதானம். எங்கள் தண்டவாளங்கள் இரண்டுக்கும் இடையில் 1676 மில்லிமீற்றர். அதாவது 5 அடி 6 அங்குலம். சுண்ணாம்பால் மைதானத்தில் அந்த அகலத்துக்கு இரண்டு கோடு கீறினோம். பிறகு பெட்டியின் அகலம் எவ்வளவு இருக்கும் என்று பிள்ளைகளையே நிற்கச் சொன்னேன். எல்லோரும் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். பெட்டி தண்டவாளத்தை விட இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஏறுகிற படி அதற்கும் மேலால் நிற்கும் என்று சொல்லி, கயிற்றைப் பிடித்து அகலத்தைக் காட்டினேன். நின்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் கயிற்றுக்கு உள்ளே நின்றார்கள். அந்த முகங்களைத்தான் படம் எடுக்க வேண்டும்.

அதே மைதானத்தில் நூறு மீற்றர் ஓட்டப் பாதையும் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேல் கடந்துவிடும். கணக்கைக் கரும்பலகையில் பிள்ளைகளே போட்டார்கள். ஒரு பிள்ளை போனில் வந்த செய்தியை வாசித்துப் பதில் எழுத ஆறு செக்கன் எடுத்தாள். அந்த ஆறு செக்கனில் ஓட்டப் பாதை முழுவதும் முடிந்துவிடுகிறது. தொடக்கக் கோட்டில் ஒரு பிள்ளையையும் முடிவுக் கோட்டில் ஒரு பிள்ளையையும் நிறுத்தி, மற்றவர்கள் "ஒன்று, இரண்டு" என்று எண்ணினார்கள். ஆறு வந்ததும் மைதானமே அமைதியாகிவிட்டது. அதன் பிறகு பிறேக்கைப் பற்றிச் சொன்னேன். உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தில் ஓடுகிறது. உருக்கு நசியாததால் சில்லு இலேசாக உருளும், அதனால்தான் அவ்வளவு பாரத்தை ஓர் எஞ்சினால் இழுக்க முடிகிறது. ஆனால் உருக்குக்கு உருக்குப் பிடிப்புக் குறைவு, அதனால்தான் அதைச் சட்டென்று நிறுத்த முடியாது. சாரதி கண்டு பிறேக் போட்ட பிறகும் வண்டி பல நூறு மீற்றர் போய்த்தான் நிற்கும். வளைத்துத் திருப்பவும் அவருக்கு வழியில்லை. எங்களைப் பார்த்தபடி தலையில் கை வைத்துக்கொண்டு போன அந்த மனிதரால் வேறு எதுவும் செய்திருக்க முடியாது.

அப்புறம் அந்தப் புள்ளி. அது ஏன் அசையவில்லை என்று நான் கன நாள் யோசித்தேன். நேராக எங்களை நோக்கி வருகிற பொருள் பக்கவாட்டில் நகராது, கண்ணுக்கு அது பெரிதாவது மட்டும்தான் தெரியும். தூரத்தில் இருக்கும்வரை அந்தப் பெருக்கம் மிகக் குறைவு. கடைசிச் சில செக்கன்களில்தான் மளமளவென்று பெருக்கும். அதோடு பெரிய பொருள்கள் உண்மையான வேகத்தை விட மெதுவாக வருகிற மாதிரித்தான் எங்கள் கண்ணுக்குப் படும். சீனக்குடா விமானத்தளத்தில் விமானம் இறங்குகிறதைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும், நிலத்தைத் தொட்ட பிறகுதான் எவ்வளவு வேகத்தில் வந்தது என்று புரியும். போன் கமரா இதை இன்னும் மோசமாக்குகிறது. அகலமாகப் பிடிக்கிற வில்லையில் தூரத்துப் பொருள் இன்னும் சின்னதாகத் தெரியும். போனைப் பிடித்துக்கொண்டு லைனில் நிற்கிறவருக்கு வண்டியின் தூரமும் தெரியாது, வேகமும் தெரியாது. இதை ஒரு பந்தை வைத்தே வகுப்பறைக்குள் எடுத்துக் காட்டலாம்.

சத்தத்தை நம்பலாம் என்பார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தம்பலகாம வயல்வெளியில் நின்று பாருங்கள். அருகில் நிற்கிறவர் பேசுவதே காற்றோடு போய்விடும். லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்தில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு, வீதி லைனைக் குறுக்கே கடக்கிற கடவைக்கு வருகிற ஐயாவுக்குத் தன் எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்காது. கடவைக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அவருடைய பேத்தி சொல்லலாம். பேத்தி ஒரு படம் எடுத்து, அதில் அப்பப்பாவையே நடிக்க வைத்தால் ஊர் முழுக்க அதைப் பார்க்கும். லைன் இல்லாத ஒரு வயல் பாதையில், லான்ட்மாஸ்டரை நிறுத்தி எஞ்சினை அணைக்கிற ஒரு காட்சி. எஞ்சின் நின்றதும் காற்றுச் சத்தமும் குருவிச் சத்தமும் கேட்கத் தொடங்கும். அந்த அமைதிக்குள் தூரத்தில் ஹோன் கேட்கட்டும். இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

வாகனம் கடவையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதும் இங்கே பலருக்குத் தெரியாது. ஸ்டார்ட் பண்ணிப் பண்ணிப் பார்ப்பார்கள், தள்ளிப் பார்ப்பார்கள். வாகனத்தை விட்டுவிட வேண்டும். எல்லோரும் இறங்கி லைனை விட்டு விலகி, வண்டி வருகிற திசைப் பக்கமாகச் சரிவாக ஓட வேண்டும். போகிற திசைக்கு ஓடினால், மோதி எறியப்படுகிற இரும்பு எங்கள் மேலேயே வந்து விழும். முதலில் கேட்கிறபோது பிள்ளைகளுக்கு இது தலைகீழாகத்தான் படும். மைதானத்தில் கீறிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். 2005 ஏப்ரலில் பொல்கஹவெலவுக்கு அருகில் யாங்கல்மோதரக் கடவையில் பஸ் ஒன்று வண்டியை முந்திக் கடக்கப் பார்த்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது பிறந்த பிள்ளைகள் இன்று வாகனம் ஓட்டுகிற வயதில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்தக் கடவையின் பெயரே தெரியாது.

இன்னுமொன்று, ஒற்றைப் பாதையில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் கொழும்புக்குத்தான் போகிறார்கள். வெள்ளவத்தையில் அறை எடுத்து, பின்னேரம் கடற்கரைக்கு லைனைக் கடந்து போவார்கள். அங்கே இரட்டைப் பாதை. ஒரு வண்டி போய் முடிந்ததும் "சரி, போயிட்டுது" என்று காலை எடுத்து வைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். போன வண்டி மறைத்துக்கொண்டிருந்த இன்னொன்று எதிர்ப் பக்கத்தால் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. மலைநாட்டில் எல்லவுக்குச் சுற்றுலா போகிற பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். கோச்சிக் கதவில் தொங்கிக்கொண்டு செல்ஃபி எடுப்பதைத்தான் டிக்டொக்கில் பார்த்திருக்கிறார்கள். பாறைச் சுவரும் சிக்னல் கம்பமும் பெட்டிக்கு எவ்வளவு கிட்ட வரும் என்று பார்த்ததில்லை. போட்டிக்கு வருகிற படங்கள் எங்கள் லைனோடு மட்டும் நிற்கத் தேவையில்லை.

லைக் எண்ணிக்கைக்குப் பரிசு வேண்டாம் என்று தாழ்மையாகக் கேட்கிறேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று புள்ளி போட்டால், கூடப் பயமாக இருக்கிற படம்தான் வெல்லும். வெல்ல வேண்டும் என்று பிள்ளைகள் லைனுக்குத்தான் போவார்கள். இரத்தமும் உடலும் காட்டுகிற படமும் வேண்டாம். மிகக் கவனமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. தண்டவாளத்தில் நடக்கிற மரணங்கள் எல்லாம் கவனக்குறைவால் வருவதில்லை. வாழ்க்கையில் மனம் உடைந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். அதைக் கதையாக எடுத்து நடித்துக் காட்ட ஒரு பிள்ளையையும் விடாதீர்கள். அப்படி எழுதிக்கொண்டு வருகிற பிள்ளையைப் படத்திலிருந்து நீக்குவதோடு நின்றுவிடாமல், ஆசிரியர் தனியாக இருத்திக் கதைக்க வேண்டும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அச்சிடப்பட்டிருக்கட்டும்.

நடுவர்களாக யாரை வைப்பீர்கள் என்பதும் முக்கியம். நாடகமும் திரைப்படமும் தெரிந்தவர்கள் இருக்கட்டும். அவர்களோடு ஓய்வுபெற்ற எஞ்சின் சாரதி ஒருவரும், கடவைக் காப்பாளர் ஒருவரும் இருக்க வேண்டும். வடக்கு கிழக்கில் பாதுகாப்பற்ற கடவைகளில் சின்னக் கொட்டிலில் இருந்து வெயிலிலும் மழையிலும் கொடி பிடிக்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். நாளொன்றுக்கு 250 ரூபாவுக்கு அவர்கள் வருடக் கணக்கில் வேலை செய்ததையும், நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இறங்கியதையும் நாடே அறியும். ஒரு கடவையில் என்னென்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. எந்த ஓட்டோ நிற்காது, எந்த பஸ் கடைசி நேரத்தில் புகுந்து போகும், எந்தப் பிள்ளை தினமும் நின்று "வணக்கம் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போகும் என்று எல்லாம் தெரியும். அவர்களை லைனிலிருந்து விலகிய இடத்தில் வைத்துப் படம் எடுக்கிற பிள்ளைக்கும் நான் ஒரு பரிசு கொடுப்பேன்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கொழும்பில் எழுதி மொழிபெயர்த்து அனுப்புகிற வசனத்தைப் பிள்ளைகள் ஒப்புவிக்க வேண்டாம். மூதூர்ப் பிள்ளை மூதூர்ப் பேச்சில் பேசட்டும். கந்தளாயில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே லைனைத்தான் கடக்கிறார்கள். இரண்டு பாடசாலைகள் சேர்ந்து ஒரே படத்தை இரண்டு மொழியிலும் எடுக்கலாம் என்று ஒரு பிரிவு வையுங்கள். ஆனைகளைப் பற்றி எடுக்க விரும்புகிற பிள்ளைகள் கட்டாயம் வருவார்கள். 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பக்கத்தில் மட்டக்களப்பு வண்டியில் அடிபட்டு ஆறு ஆனைகள் இறந்த செய்தியைக் கேட்டு என் வகுப்பில் அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இடம் கொடுங்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. அமெரிக்காவில் 1972இல் ஐடஹோ மாநிலத்தில் ஒப்பரேசன் லைஃப்சேவர் என்று ஒரு சின்னப் பிரசாரமாகத் தொடங்கினார்கள். அந்த வருடமே கடவை மரணங்கள் 43 வீதம் குறைந்தன என்று அந்த அமைப்பு எழுதி வைத்திருக்கிறது. இப்போது அங்கே மாணவர் வீடியோப் போட்டிகளும் நடக்கின்றன. கல்வி மட்டும் போதும் என்று அவர்களும் சொல்வதில்லை. கல்வி, கடவையின் அமைப்பு, சட்டம் மூன்றும் சேர வேண்டும் என்றுதான் ஆரம்பத்திலிருந்து சொல்லி வருகிறார்கள்.

ஆகவே பிள்ளைகளிடம் படத்தை மட்டும் வாங்காதீர்கள். படத்தோடு ஒரு பக்கத் தாளும் வரட்டும். எங்கள் கடவையில் மணி அடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, பற்றை வளர்ந்து வண்டியை மறைக்கிறதா, பலகை எந்த மொழியில் இருக்கிறது, பாடசாலை விடுகிற நேரத்தில் எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று எழுதி அனுப்பட்டும். வீதியில் நின்றே இதையெல்லாம் பார்க்கலாம். வண்டி வராத நேரத்திலும் மணி அடித்துக்கொண்டிருந்தால், சில நாளில் ஊரார் அதைக் காதில் வாங்குவதை விட்டுவிடுவார்கள், வண்டி வருகிற அன்றைக்கும் வாங்க மாட்டார்கள். அப்படியான ஒன்றைப் பிள்ளைகள் கண்டு எழுதினால், புகையிரதத் திணைக்களம் அந்தப் பிள்ளைகளின் பெயருக்கே பதில் போட வேண்டும். பற்றையை வெட்டினோம் என்று இரண்டு வரி போதும். இது பெரிய செலவில்லை. ஆனால் தரம் 8இல் படிக்கிற பிள்ளைக்குத் திணைக்களத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால், அந்தக் கடவையை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கத் தன்னுடைய கடவையாகப் பார்த்துக்கொள்ளும்.

பரிசாகப் போன் கொடுக்காதீர்கள். வென்ற பிள்ளைகளை இரவு வண்டியில் ஏற்றிக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து கடுகண்ணாவை ரயில்வே நூதனசாலையைக் காட்டுங்கள். ரயில் கார்ட் ஒருவர் கூடவே இருந்து பச்சைக் கொடிக்கும் சிவப்புக் கொடிக்கும் பின்னால் இருக்கிற வேலையைச் சொல்லிக்கொண்டு வரட்டும். எங்கள் பிள்ளைகளில் பலர் கல்லோயாவைத் தாண்டிக் கோச்சியில் போனதே இல்லை.

போட்டி வைக்க முடிவெடுத்தால், விதிமுறை எழுதுகிற கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுங்கள். என் செலவில் வருகிறேன். அன்றைக்கு நடித்த பொடியன் இப்போது வேலைக்குப் போகிறான், இழுத்துக் காப்பாற்றிய பிள்ளை பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன், வருகிறோம் என்கிறார்கள். கழக அறைச் சுவரில் இருந்த சான்றிதழைக் கழற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன். அதையும் கொண்டுவந்து மேசையில் வைப்பேன்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து
ஓர் ஆசிரியை